கணவாய் போட்ட சாலை

சேலத்தில் கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 544 சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி, கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சிக்குப் போகிறது. 2010-இல் எண்களை மாற்றும்வரை இது கன்னியாகுமரிவரை நீண்ட 47-ஆம் எண் சாலையின் ஒரு பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் சாலை என்றாலே கொண்டை ஊசி வளைவுகள்தான் நினைவுக்கு வரும். வாளையாரில் எல்லை தாண்டும் இந்தச் சாலையில் அப்படி ஒரு வளைவும் இல்லை. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர் என்று உயர்ந்து நிற்கும் மலைத்தொடர், நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. கோவையின் உயரமே சுமார் 400 மீட்டர்தான். அங்கிருந்து பாலக்காட்டுக்கு இறங்குவது தெரியாமலே இறங்கிவிடலாம். ஆகவே இந்தச் சாலையின் தடத்தை முடிவுசெய்தது மன்னர்களோ பொறியாளர்களோ அல்ல, அந்த இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய்தான் என்பேன்.

பழைய ரோம வணிகத்தின் தடமும் இதையே காட்டுகிறது. மேற்குக் கரையில் துறைமுகமான முசிறி, கிழக்கே சேரர் ஊரான கரூர், இடையில் நொய்யல் கரையில் கல்மணியும் இரும்பும் செய்த கொடுமணல், கோவையை ஒட்டி ரோமக் காசுக் குவியல் கிடைத்த வெள்ளலூர் எல்லாம் கணவாயின் நேரிலேயே விழுகின்றன. காசு கிழக்குக் கரை வழியாகவும் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு குவியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் கொங்கு நாட்டில் பல இடங்களில் ரோமக் காசு கிடைத்திருப்பதற்கு மேற்கு வழியே பொருத்தமான விளக்கம். இன்றைய சாலை கரூரை விட்டுச் சேலத்துக்குத் திரும்புகிறதே என்றால், அது சென்னையும் பெங்களூரும் இழுத்த இழுப்பு. கிழக்கே எங்கு திரும்பினாலும் மலையைக் கடக்கும் இடம் மாறவில்லை. 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் சென்ற ரயிலும் அங்கேதான் நுழைந்தது. வழி ஒன்றே என்பதால் வரி அதிகாரிகளும் அங்கேயே உட்கார்ந்தார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வரும்வரை வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்றன.

திருச்சூருக்கு முன்னால் இந்தச் சாலை ஏறும் குதிரான் மலையைக் காட்டி இதை மறுப்பவர்களுக்கு ரயிலே பதில். செங்குத்தான ஏற்றம் ரயிலுக்கு ஆகாது; அது பாரதப்புழையோடு ஒற்றப்பாலம், ஷொரனூர் என்று சுற்றிப் போகிறது. சாலையோ வடக்கஞ்சேரியிலிருந்து நேரே திருச்சூருக்குப் போகக் கிளம்பி, குதிரானில் ஏற வேண்டியதாயிற்று. அந்த ஏற்றத்தில் லாரிகள் திணறுவதைத் தவிர்க்க மலையையே குடைந்தார்கள். 2021 ஜூலையில் சுரங்கப்பாதையின் முதல் குழாயும் அடுத்த ஆண்டு இரண்டாவதும் திறந்தன.