வின்செஸ்டர்: நீர்மேல் நின்ற பேராலயம்

இங்கிலாந்தின் தென்பகுதியில், இட்சன் ஆற்றங்கரையில் உள்ள பழம்பதி வின்செஸ்டர். 1079-ல் எழத் தொடங்கிய அதன் பேராலயத்துள் நுழைவோர் நெடிய விதானத்தை அண்ணாந்து நோக்குவது இயல்பே. நேயர்களே, நாம் அதன் அடித்தளத்தையும் நினைப்போம்.

சதுப்பு நிலத்தில் மரக்கட்டைகளைப் பரப்பி எழுப்பிய கிழக்குப் பகுதி நாளடைவில் அமிழ்ந்தது, சுவர்கள் பிளந்தன. தோண்டினால் நீர் பொங்கிற்று. அதனை இறைத்தாலோ கட்டடமே சரிந்துவிடும் அபாயம். ஆகவே 1906-ல் வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பவரை அழைத்தனர். கனத்த கவசவுடை பூண்டு, நாள்தோறும் ஏறக்குறைய ஆறு மணி நேரம், கலங்கிய நீரின் காரிருளில், கையால் தடவித் தடவியே கான்கிரீட்டு மூட்டைகளை அவர் அடுக்கினார். பணி முடிந்தது 1911-ல். மறு ஆண்டு நடந்த நன்றி வழிபாட்டுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே வந்தார். மழை மிகுந்த குளிர்காலத்தில் ஆலய நிலவறையில் இன்றும் நீர் புகும்.

ஆலயத்தின் வடபுற நடையில் ஜேன் ஆஸ்டினின் கல்லறை இருக்கிறது. 1817-ல் மறைந்த அம்மையார் நாவலாசிரியை என்ற குறிப்பே அக்கல்லில் இல்லை! பின்னர் அருகில் பதித்த பித்தளைத் தகடுதான் அதனைக் கூறுகிறது.

ஆற்றோரமாகத் தெற்கே சுமார் ஒரு மைல் நடந்தால் புனிதச் சிலுவை அறநிலையம். வழிப்போக்கருக்குச் சிறு ரொட்டித் துண்டும் சிறிது பீரும் அளிக்கும் பழைய வழக்கம் அங்கு இன்றும் உண்டு. நாமே வாய்திறந்து கேட்கவேண்டும்.