சங்குமுகத்துக்கு எந்த லென்ஸ்?

களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இங்குள்ள கல்யாணப் புகைப்படக்காரர்களுக்குப் பழகியது 70-200 எம்.எம். லென்ஸ். 2025 டிசம்பர் 3 அன்று திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில், கடற்படை தினத்துக்காக மிக்-29கே விமானங்கள் சீறின. அடுத்த சாகசத்துக்குக் கடன் வாங்கியாவது 600 எம்.எம். வாங்கலாமா?

வேண்டாம். கூட்டமாகப் பறக்கும் விமானங்களுக்குக் கையிலிருப்பதே போதும். ஒற்றை விமானத்துக்குத்தான் 400 எம்.எம். தேவை, அதை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000க்கு மேல். ஹெலிகாப்டருக்கு 1/125 போதும். கூட்டினால் விசிறி உறைந்து, பொம்மையைத் தொங்கவிட்டதுபோல இருக்கும்.

உண்மையான எதிரி வெயில். சென்னை மெரினா கிழக்கு பார்த்தது; சங்குமுகம் மேற்கு. மாலைச் சூரியன் நேரே லென்ஸுக்குள் விழ, விமானம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். லென்ஸ் ஹூடை வீட்டில் மறந்தவருக்கு லட்ச ரூபாய் லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும்.