அறுவை சிகிச்சைக்குப் பின் மகப்பேறு

மாதவிலக்கின்போது கடும் வலி ஏற்படுவது பெண்களுக்கு இயல்பே என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழமாக வேரூன்றியுள்ளது. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயும் அவ்வலிக்குக் காரணமாயிருக்கக்கூடும். கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு, சினைப்பை முதலிய பிற இடங்களில் வளர்வதே இந்நோயாகும். கருவுறும் பருவத்திலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரை இது பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழந்தையின்மைக்கும் இது ஒரு காரணமாகும்.

அறுவையின் பயனும் எல்லையும்

லேப்ராஸ்கோப் கருவியின் துணைகொண்டு இத்திசுவை அகற்றுவதால் பலருக்கு வலி தணிகிறது. நோய் கடுமையாக இல்லாதவர்களுக்கு இயற்கையாகக் கருவுறும் வாய்ப்பும் கூடுகிறது. ஆயினும், சினைப்பைக் கட்டியை நீக்கும்போது அதனை ஒட்டிய நல்ல திசுவும் ஓரளவு இழக்கப்படுவதுண்டு. இழந்த கருமுட்டைகள் மீண்டும் தோன்றுவதில்லை. நோயோ மீண்டும் தலைகாட்டக்கூடும். எனவே, அறுவைக்குப் பிந்தைய காலத்தை வீணாக்கலாகாது.

அடுத்த நடவடிக்கை

பெண்ணின் வயது, குழந்தைக்காகக் காத்திருந்த ஆண்டுகள், முன்னர் கருவுற்ற வரலாறு, அறுவையின்போது காணப்பட்ட உறுப்புகளின் நிலை ஆகியவற்றைக் கொண்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கும் முறை 2010-இல் வெளியிடப்பட்டது. மதிப்பெண் உயர்ந்திருப்பின் சிறிது காலம் இயற்கையாகக் கருவுற முயலலாம். நோய் இலேசாயிருப்பின், கருமுட்டை வளர்ச்சியைத் தூண்டி, விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் முறையும் பயன்தரும். மதிப்பெண் குறைந்திருப்பினும், கருக்குழாய்கள் பழுதுற்றிருப்பினும் சோதனைக் குழாய் முறையை நாடலாம். கணவருக்கும் தொடக்கத்திலேயே பரிசோதனை செய்தல் வேண்டும்.

ஹார்மோன் மருந்துகளால் மாதவிலக்கை நிறுத்திவைப்பது, உடனடியாகக் குழந்தை வேண்டாதவர்களுக்கு நோய் மீளாமல் தடுக்க உதவும். உடனே கருவுற விரும்புவோருக்கு அது வாய்ப்பைக் கூட்டுவதில்லை, காலத்தையே கடத்துகிறது.

நிர்வாகத்தின் பொறுப்பு

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், இத்தகைய மருத்துவ நிலையங்கள் பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்கியுள்ளது. 21 வயதுக்கு மேற்பட்ட, 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே இச்சிகிச்சை அளிக்கலாம் எனவும் வரையறுத்துள்ளது. ஆனால், கருமுட்டை இருப்பு சட்டத்தின் வயது வரம்புக்காகக் காத்திருப்பதில்லை.

அறுவை செய்த மருத்துவமனையிலேயே மேற்சிகிச்சையும் கிட்டுமென்பது உறுதியன்று. சினைப்பைகள், கருக்குழாய்கள் ஆகியவற்றின் நிலை குறித்த அறுவைக் குறிப்பு இல்லையெனில், அடுத்த மருத்துவர் மேற்கூறிய மதிப்பெண்ணைக் கணக்கிட இயலாது. ஆகவே, வீடு திரும்பும் நாளிலேயே அக்குறிப்பின் படியொன்றை அப்பெண்ணின் கையில் அளிப்பது நடைமுறையாக வேண்டும். செலவு மிகுதியும் இல்லாத இச்சீர்திருத்தம், மற்றுமோர் அறுவையைத் தவிர்க்கவும் உதவும்.