கூம்பு ஒலிபெருக்கியின் ஸ்வர எல்லையை அறியும் முறை

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதன் உபரி நீர் அடையாற்றில் சேருகிறது. 2015 டிஸம்பர் 1-ம் தேதி பெருமழையின்போது வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. 2020 நவம்பர் 25-ம் தேதி நிவர் புயலின்போது முதலில் 1,000 கன அடி திறக்கப்பட்டது. இத்தகைய காலங்களில் குன்றத்தூர், சிறுகளத்தூர், காவனூர், திருநீர்மலை முதலிய தாழ்ந்த இடங்களில் வசிப்போருக்கு முன்னறிவிப்புச் செய்வது அத்தியாவசியம். தண்டோரா போடும் வழக்கத்தை விட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கும்படி 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. ஆகவே, ஒலிபெருக்கி எத்தகையதென்று பரீக்ஷித்து அறிவது ஒவ்வொரு பஞ்சாயத்தின் கடமையுமாகும். "ஆயிரம்" என்பது "ஆறாயிரம்" என்று காதில் விழுந்தால் விளையும் கலவரத்தை விவரிக்க வேண்டுவதில்லை.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. நல்ல செவிக்கு வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஆனால், பேச்சு விளங்க இவ்வளவும் வேண்டுவதில்லை. பழைய டெலிபோன் 300 முதல் 3,400 வரையிலேயே வேலை செய்தது. உயிரெழுத்துக்களின் பலம் பெரும்பாலும் கீழ் ஸ்வரங்களிலும், ச, ஸ, ட, த போன்றவற்றின் வேறுபாடு மேல் ஸ்வரங்களிலும் அடங்கியிருக்கிறது. மேல் ஸ்வரம் குன்றினால் சப்தம் பலமாகக் கேட்கும், சொல் விளங்காது.

கீழ் எல்லையை ஒரு கயிற்றாலேயே மதிப்பிடலாம். குழாய் வாயின் சுற்றளவை அடிக்கணக்கில் அளந்து, அதனால் 1,140-ஐ வகுக்க வேண்டும். 1,140 அடி என்பது நம் நாட்டு வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் செல்லும் தூரம். சுற்றளவு 4 அடியானால் எல்லை 285 அதிர்வு. குழாய் விரியும் விதத்தையும் பொறுத்ததாகையால், இது தோராயக் கணக்கே. 40 அதிர்வு வரை இறங்க வேண்டுமானால் சுற்றளவு 28 அடிக்கு மேல் வேண்டும். லண்டன் ஸயன்ஸ் மியூஸியத்தில் 1930-க்குப் பின் வைக்கப்பட்டிருந்த டென்மன் குழாய் 27 அடி நீளமும், 7 அடிக்கு மேற்பட்ட சதுர வாயும் உடையதாயிருந்ததன் காரணம் இதுவே. எனவே, சிறு குழாய் ஒன்றை "முழு ஸ்வர" குழாய் என்று விற்பவரின் சொல்லைச் சந்தேகிக்கலாம்.

பெட்டியில் "100 முதல் 15,000 வரை" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் போதாது. அவ்வெல்லைகளில் ஒலி எத்தனை டெஸிபெல் குறைகிறதென்றும் கேட்க வேண்டும். 10 டெஸிபெல் குறைவென்றால் ஒலியின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும்.

மேல் எல்லையை அறிய, கைப்பேசியினின்றும் ஸ்வரத்தைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி ஒலிபரப்புக. ஒருவர் குழாய்க்கு நேராகவும், மற்றொருவர் பக்கவாட்டிலும் நிற்க. மேல் ஸ்வரங்கள் நேர்கோட்டில் குவிந்து செல்வதால், பக்கத்தில் நிற்பவருக்கு அவை முன்னரே மறையும். தூரம் கூடக் கூடக் காற்றும் அவற்றையே அதிகம் விழுங்கும். கீழ் எல்லைக்கு அடியிலுள்ள ஸ்வரங்களைப் பலமாகச் செலுத்தலாகாது. தாங்கும் காற்றழுத்தமின்றி உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துபோம்.

முடிவாக, பத்து, பட்டு, பச்சை, பக்கம் என்பன போன்ற சொற்களை முறைமாற்றி வாசித்து, 200 கஜ தூரத்தில் நிற்பவரை எழுதச் சொல்லுக. தவறு மிகுந்தால், சப்தத்தைக் கூட்டுவதை விட்டு, குழாய்களின் எண்ணிக்கையைப் பெருக்கித் திசைதோறும் திருப்பி வைப்பதே பரிகாரம்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதை உபயோகிக்கலாகாது. பொது ஆபத்துக் காலத்திற்கு விலக்குண்டு. ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே பகல் வேளையில் இப்பரீக்ஷையை முடித்துவைத்தல் நலம்.