வாத்து ஏன் முட்டையிடவில்லை?

பெங்களூர் ஜீவனஹள்ளியில் வீட்டுப் பின்புறம் வாத்து வளர்க்கும் நேயர்களே! மார்கழியில் முட்டை நின்றுவிட்டதா? வயசாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முட்டையிடும் வாத்துக்குத் தினம் 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் பெங்களூரின் பகலோ பதினொன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்திக்குப் பிறகு கொட்டகையில் ஒரு பல்பு எரியட்டும். இறகு உதிர்க்கிறதா? சில வாரம் பொறுங்கள். சத்தெல்லாம் புது இறகுக்குப் போகிறது.

தீவனத்தையும் முகர்ந்து பாருங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும்; வாத்து தாங்காது. முட்டை என்ன, உயிரே போகும்.

இன்னொன்று. வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும். சீக்கிரமே திறந்துவிட்டால் புதரில் இட்டுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வந்து நிற்கும். காலை 9 மணிக்குப் பிறகே கொட்டகையைத் திறங்கள்.