மருந்துக் கடையில் ஒரு மாணவியின் நம்பிக்கை

மருந்துக் கடைக்குச் செல்கிறோம். சீட்டை நீட்டுகிறோம். மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கிறார்கள். பணத்தைச் செலுத்திவிட்டுத் திரும்புகிறோம். அக்கடையில் நிற்பவர் நம் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் எப்படியிருக்கும்? இவ்வாறு கேட்பதையே தம் வாழ்நாள் பணியாக்கிக்கொள்ள விழையும் மாணவி ஒருவரை நாம் சந்தித்தோம்.

2023-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் சில வாரங்கள் உதவிப் பணியாற்றினோம். அவ்வூரைச் சேர்ந்த அம்மாணவி மருந்தியல் கல்லூரியில் பயின்றுகொண்டே, மாலை வேளைகளில் மருந்துக் கடையில் பயிற்சியும் பெற்று வந்தார். ஒரு நாள் தம் பாட்டனாரைப் பற்றிக் கூறினார். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க அம்முதியவர் மாதந்தோறும் கடைக்கு வருவாராம். மருத்துவரிடம் போவதோ ஆண்டுக்கணக்கில் இல்லை. ஒரு நாள் பக்கவாதத்தில் விழுந்தார். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு என்பதே மருத்துவமனையில்தான் தெரிய வந்தது. "மாதந்தோறும் எங்கள் கண்முன் வந்து நின்றார், தந்தையே! ஒருவரும் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கவில்லை" என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவருடைய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்நாட்டு மக்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர், ஏதேனும் ஒரு மருந்துக் கடைக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வாழ்கின்றனர். மருத்துவரைக் காண முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்தாளுநரைக் காணக் கதவைத் திறந்தால் போதும்.

ஆயினும் பரிசோதனை என்பது விளையாட்டன்று. அந்நாட்டுச் சோதனைக் கூடங்கள் சில, பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைகளை அவசரத்திலும் அசட்டையிலும் தவறாகப் படித்தன என்ற செய்தி 1987-இல் நாளேடுகளில் வெளியாகி மக்களை உலுக்கியது. மறு ஆண்டே, அதாவது 1988-இல், சோதனைக் கூடங்களைக் கட்டுப்படுத்தும் கடுமையான சட்டம் இயற்றப்பட்டது. எளியவை, தவறு நேர இடம் குறைந்தவை என்று அரசு ஏற்கும் சோதனைகளுக்கு மட்டும் அச்சட்டத்தில் விலக்கு உண்டு. அவ்விலக்குச் சான்றிதழைப் பெற்ற மருந்துக் கடை, விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கலாம். தொண்டைக் கிருமியையும் சளிக்காய்ச்சலையும் சோதிக்கலாம். 2020-இல் கொரோனா பரவியபோது, அதற்குரிய சோதனையைச் செய்ய மருந்தாளுநர்களுக்கு நடுவண் அரசு அதிகாரம் வழங்கியது.

தொண்டை வலியையே எடுத்துக்கொள்வோம். தொண்டை வலியுடன் வரும் குழந்தைகளில் பத்தில் மூவருக்கே 'ஸ்ட்ரெப்' என்னும் கிருமி காரணம். வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கே. ஏனையோருக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதற்குப் பென்சிலின் பயன்படாது. ஆனால் ஸ்ட்ரெப் கிருமியைக் கவனியாது விட்டால், சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதய வால்வுகளையே கெடுத்துவிடும். யாருக்கு மருந்து வேண்டும், யாருக்கு வேண்டா என்பதைத் தொண்டையில் தடவி எடுத்த ஒரு பஞ்சுக் குச்சி சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது.

அதைவிட வியப்பான செய்தி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வந்தது. அங்கே கறுப்பின ஆண்களின் முடிதிருத்தும் நிலையங்கள் 52-இல், உயர் இரத்த அழுத்தமுள்ள 319 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினரை மருந்தாளுநர்கள் அந்நிலையங்களுக்கே சென்று கண்டனர், அழுத்தத்தை அளந்தனர், மருத்துவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்து கொடுத்தனர், இரத்தத்திலுள்ள உப்புகளையும் அங்கேயே சோதித்தனர். ஆறு மாதங்களில் அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது. முடிதிருத்துவோரின் அறிவுரையை மட்டும் பெற்ற மற்றப் பிரிவினருக்குக் குறைந்ததோ 9 புள்ளிகளே.

இவ்வாய்வு நமக்குக் கற்பிப்பது என்ன? அளப்பதால் மட்டும் நோய் தீர்வதில்லை. அளந்தவர் மறுபடியும் வந்தார், பெயர் சொல்லி விசாரித்தார், மருந்தைச் சரிப்படுத்தினார், மருத்துவருக்குத் தெரிவித்தார். பலன் தந்தது கருவியன்று. அதன்பின் தொடர்ந்த கவனிப்பே.

மருத்துவர்கள் சிலரின் தயக்கத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. உடலை முழுமையாகப் பாராமல் ஒரு துளியை மட்டும் பார்த்தால், வேறொரு நோய் மறைந்துவிடக் கூடும். சோதிப்பவரே விற்பவராகவும் இருந்தால், தேவையற்ற மருந்து விலைபோகாதா? இதை நாம் கேட்டபோது மாணவி சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அதனால்தான் எழுதி வைத்த விதிமுறை வேண்டும். முடிவு மருத்துவருக்குப் போக வேண்டும். 'உமக்கு மருந்து ஒன்றும் தேவையில்லை' என்று சொல்லி அனுப்பும் துணிவு எங்களுக்கு வேண்டும்" என்றார்.

அவருக்கு முன்னே தடைகள் பல. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் மருந்துக்குப் பணம் தருகிறது; ஆனால் மருத்துவருக்குக் கட்டணம் அளிப்பதுபோல் மருந்தாளுநரின் மருத்துவப் பணிக்கு அளிப்பதில்லை. கடையிலோ வேலைப் பளு மிகுதி. மருந்துப் பொட்டலங்கள் குவிந்து கிடக்கையில், ஒரு முதியவரை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் இளைப்பாறச் செய்து, அழுத்தம் பார்க்க நேரம் ஏது? இத்தனையும் அறிந்தே அம்மாணவி நம்பிக்கை கொண்டிருக்கிறார்.

அன்புக் குடும்பத்தாரே, உயர் இரத்த அழுத்தம் வலி கொடுத்து நம்மை எச்சரிப்பதில்லை. அது அமெரிக்காவிலும் அப்படியே, நம் இல்லத்திலும் அப்படியே. தைலம் வாங்கிவரத் தாத்தாவை அனுப்புகிறோம்; அவருடைய அழுத்தம் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவ்வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அந்த எண்ணைக் குறித்து வைப்போம். அடுத்த மாதமும் மறவாது கேட்போம். பாட்டனாரைக் காக்க இயலாது போன அப்பெண், முன்பின் அறியாதவர்களைக் காக்கப் புறப்பட்டிருக்கிறார். நம் அருகிலேயே இருப்பவரைக் காக்க நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.