ஊர்ப் பொதுவில் நிற்கும் குதிரைகள்

சென்னையிலிருந்து வருகிற நெடுஞ்சாலை திருச்சிக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிற இடம் உளுந்தூர்பேட்டை. கடந்து போகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு டீக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், திருச்சிப் பக்கம் போனால் செங்குறிச்சி சுங்கச்சாவடி. வெளியூர்க்காரர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. உள்ளூர்க்காரரும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிட்டதுதான் கவலை தருகிறது. கோடை விடுமுறை வந்தால் ஏற்காடு, புதுச்சேரி, மாமல்லபுரம் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். ‘நம்ம பக்கத்துல பார்க்க என்ன இருக்கு?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் உளுந்தூர்பேட்டை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதை ஒட்டிய விழுப்புரம் மாவட்டமும் சேர்ந்து கூரையில்லாத ஒரு பெரிய கலைக்கூடம். அதை உண்டாக்கியவர்கள் ஊர் மக்கள். இன்றுவரை காத்து வருகிறவர்களும் அவர்களே. தன் ஊர்க் கலையைத் தானே தேடிப் போய்ப் பார்க்கிற வழக்கம் அந்த மக்களிடம் வளராவிட்டால், எந்த அரசுத் துறையாலும் அதை நெடுநாள் காப்பாற்ற முடியாது.

இந்த வழக்கம் ஒரு வட்டாரத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல சான்று. எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவில் இருக்கிறது ஃபால்கிர்க். இரும்பு வார்ப்பாலும் கால்வாய்ப் போக்குவரத்தாலும் வளர்ந்து, அவை நலிந்தபோது தானும் தளர்ந்த ஊர். அங்கே கால்வாய்க் கரையில், ஆண்டி ஸ்காட் என்ற சிற்பி எஃகில் அமைத்த இரண்டு குதிரைத் தலைகள் 2013-ல் எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் 30 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. கெல்பீஸ் என்று பெயர். ஒரு காலத்தில் கால்வாய்ப் படகுகளையும் பார வண்டிகளையும் இழுத்த குதிரைகளுக்கான நினைவு அது. டியூக், பாரன் என்ற இரண்டு உயிருள்ள கிளைட்ஸ்டேல் குதிரைகளைப் பார்த்தே சிற்பி அவற்றை வடித்தார். டம்ஃப்ரீஸ் பகுதியிலோ, கைவிடப்பட்ட ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தைச் சார்லஸ் ஜென்க்ஸ் பாறைகளும் மண்மேடுகளும் கொண்டு அண்டவெளியின் தோற்றமாக மாற்றினார். கிராவிக் மல்டிவர்ஸ் எனப்படும் அந்த இடம் 2015-ல் திறக்கப்பட்டது. இந்த இரண்டு இடங்களுக்கும் மதிப்பு வந்ததற்குக் காரணம் உயரமோ செலவோ மட்டும் அல்ல. அந்த ஊர் எதனால் வாழ்ந்ததோ, எதனால் காயப்பட்டதோ, அதையே அவை கண்முன் நிறுத்துகின்றன. கட்டியபின் மக்கள் நடந்துபோய்ப் பார்க்கிறார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்த நடமாட்டம்தான் அவற்றுக்குக் காவல்.

ஃபால்கிர்க் மக்கள் 2013-ல் எழுப்பிய குதிரைகளை நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எழுப்பி வருகிறார்கள். ஏரிக்கரையிலும் ஊர் எல்லையிலும் ஐயனாருக்கு நிற்கிற மண்குதிரை, உலகின் எந்தச் சிற்பப் பூங்காவிலும் தலைநிமிர்ந்து நிற்கத்தக்க வேலை. ஏரிக் களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதமாக்குகிறார் குயவர். முதலில் நான்கு கால்களும் உள்ளே வெற்றிடம் உள்ள உருளைகளாக எழும்புகின்றன. பாரத்தைத் தாங்கும் அளவுக்கு அவை இறுகிய பிறகே அவற்றின் மேல் வயிறு ஏறும். ஈர மண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, உள்ளிருந்து ஒரு கையும் வெளியிருந்து ஒரு கையுமாகத் தட்டி ஏற்றுகிறார்கள். கழுத்து, தலை, காது, கழுத்துமணி, சேணம், கடிவாளம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக மண்ணிலேயே உருண்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. சூட்டில் ஆவி வெளியேற உடலில் துளைகள் விடுகிறார்கள். ஆளுயரத்தை மிஞ்சும் குதிரையைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது. அதனால் அதைச் சுற்றி வரட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே மண் பூசி, சூளையைக் குதிரையிடம் கொண்டுவருகிறார்கள். இந்த மண்ணுக்குக் குதிரை புதிதும் அல்ல. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையில், செங்காவியில் தீட்டிய பழைய ஓவியத்தில், பறவை முகம் கொண்ட மனிதர் ஒருவர் குதிரைமேல் அமர்ந்திருக்க, இன்னொருவர் அதைக் கயிற்றில் பிடித்து நடத்துகிறார்.

ஒரே நாளுக்காகச் செய்யப்படும் பெருஞ்சிற்பமும் இந்த வட்டாரத்தில் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவு இரவாகத் தெருக்கூத்து ஆடி, முடிவில் படுகளம் வைக்கிறார்கள். கோயில் திடலில் ஈர மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பல ஆள் நீளத்துக்கு உருவாக்குகிறார்கள். முறுக்கு மீசை, கிரீடம், பிதுங்கும் கண் எல்லாம் வண்ணத்தில் விரிகின்றன. தொடைக்குள் செந்நீர் மறைந்திருக்கும். பீமன் வேடம் கட்டியவர் கதாயுதத்தை ஓங்கி அந்தத் தொடையைப் பிளக்கிறார், செந்நீர் பாய்கிறது, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அதன்பின் ஊரே அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வயலிலும் தானியக் குதிரிலும் போடுகிறது. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைப் பெருவிழாவின்போது அரவானின் உருவம் தேரில் எழுவதும் இப்படித்தான். கீரிமேடு, நத்தம், தொட்டி போன்ற சுற்றூர்களிலிருந்து அந்த உருவத்துக்கான உறுப்புகளும் அணிகளும் வந்து சேர்கின்றன. பல ஊர் சேர்ந்து ஓர் உடலைக் கட்டி, அதன் சாவுக்குச் சேர்ந்து அழுது, அடுத்த ஆண்டு மறுபடியும் கட்டுகிறது. முந்தின இரவு அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் பந்தலடியில் அதை அறுக்கிறார்கள். இதைவிட ஆழமான கூட்டுக்கலையைக் காண எங்கே போக வேண்டும்?

கல்லிலும் குறைவில்லை. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிறது கபிலர் குன்று. ஜம்பை மலைக் குகையில், அதியமான் நெடுமான் அஞ்சி இருப்பிடம் அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டு 1981-ல் கண்டறியப்பட்டது. தேவனூரில் பெருங்கற்காலத்து நெடுங்கல்லும் கற்பதுக்கைகளும் உள்ளன. சுந்தரர் பிறந்த திருநாவலூர் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லோடு மரமும் உண்டு: கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் இவற்றில் சிலவற்றைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

இவற்றுக்கு வருகிற ஆபத்து பெரும்பாலும் பகையிலிருந்து வருவதில்லை. கவனிக்க ஆளில்லாததிலிருந்து வருகிறது. மண்குதிரை உடைந்தால் புதிது செய்யச் சொல்லிக் குயவரிடம் போவதற்குப் பதிலாக, செங்கல்லும் சிமென்டும் வைத்து ஒருமுறை கட்டி, எனாமல் பெயின்ட் அடித்து முடித்துவிடுகிறார்கள். அப்போது ஒரு குதிரை கிடைக்கிறது. குதிரை செய்யத் தெரிந்த குடும்பம் போய்விடுகிறது. இந்தக் கலையின் உயிர் அதன் நிலைப்பில் இல்லை, திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது. பழைய குதிரை மழையில் கரைந்து கோயில் மண்ணோடு சேரும். பக்கத்தில் புதிய குதிரை நிற்கும். முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா போன்ற இடங்கள் நாட்டார் கலையை நகரத்தாருக்குக் காட்டிச் செய்கிற தொண்டு பெரியது. ஆனாலும் அங்கே போய்ச் சேர்ந்த பொருளுக்கு நேர்த்திக்கடன் வைக்கும் ஊர் கிடையாது. செய்யும் கையும் செய்யச் சொல்லும் ஊரும் சேர்ந்து இருக்கும் இடத்தில்தான் கலை அடுத்த தலைமுறைக்குப் போகும். ‘போன வருஷம் இருந்த குதிரை எங்கே?’ என்று பக்கத்து ஊர்க்காரர் வந்து கேட்டால், அந்த ஊரின் பெருமைக்கே அது ஒரு தூண்டுதல்.

இதற்கு வருகிற முதல் மறுப்பு: சாமியைக் கலைப்பொருள் என்று காட்டலாமா? நியாயமான கேள்வி. ஆனால் நம் மரபில் பார்ப்பதும் கும்பிடுவதும் எதிரெதிர் ஆனதே இல்லை. தேர் பார்ப்பது, கூத்துப் பார்ப்பது, திருவிழா பார்ப்பது எல்லாம் பக்தியின் பகுதியாகவே இருந்தன. வருகிறவர் எதுவரை வரலாம், எந்த நேரத்தில் படம் எடுக்கக் கூடாது, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதை அந்தந்தக் கோயில் ஊரார் சொல்லட்டும். அதற்கு வருகிறவர் கட்டுப்படட்டும். தனியார் நிலம் உட்படப் பெரும்பாலான நிலங்களில் ஒழுங்கோடு நடமாடும் உரிமையை ஸ்காட்லாந்து 2003-ல் சட்டமாக்கியபோது, உரிமையோடு பொறுப்பையும் சேர்த்தே எழுதியது. நமக்கும் அந்த இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: கூட்டம் வந்தால் அழிவும் வரும். பாறை ஓவியங்களின் மேல் காதலர் பெயர் கிறுக்குவதும், அருவிக்கரையில் பாட்டில் உடைப்பதும், கூவாகத்தில் திருநங்கைகளை வேடிக்கைப் பொருளாகப் பார்த்து கேமராவோடு துரத்துவதும் நடக்கின்றன. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் வீட்டு வாசலே காட்சிப் பொருளாகிவிடும் என்ற அச்சமும் உண்மையானது. அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவை மற்றவர்கள் எடுப்பதை அந்த மக்கள் நிறையவே பார்த்தவர்கள். ஸ்காட்லாந்திலும் பெருநில உடைமையாளர்களின் கதை நீளமானது. 1997-ல் எக் (Eigg) என்ற சிறு தீவின் மக்கள், துணை அமைப்புகளோடு சேர்ந்து தங்கள் தீவை விலைக்கு வாங்கினார்கள். அதன்பின் அங்கே வருகிற விருந்தினரை வரவேற்கிற கை தீவுக்காரரின் கையானது. வரிசை அதுதான்: முதலில் ஊராருக்கு உரிமை, பிறகு விருந்தினர். வன உரிமைச் சட்டம் 2006 தரும் உரிமைகள் கல்வராயன் மக்கள் கைக்கு முழுதாகப் போய்ச் சேராமல், மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வண்டிகளை மட்டும் அதிகமாக்குவது தவறு. கிறுக்கல்காரரைத் தடுப்பதற்கும் வழி மக்களை விலக்குவதில் இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத பாறையில்தான் கிறுக்குகிறவருக்குத் துணிச்சல் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடிக்கடி வந்து போகும் பாறையை ஊரே கண்காணிக்கும்.

மூன்றாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது. 2024 ஜூனில் கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் இது; மருத்துவமனையும் வேலையும் வேண்டிய இடத்தில் மண்குதிரைக்கு என்ன அவசரம் என்று கேட்பார்கள். மருத்துவமனையும் வேலையும் முதலில் வரட்டும், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் இங்கே கேட்பது கோடிகளில் ஒரு பூங்கா அல்ல. சாலைச் சந்திப்பில் வண்ண எழுத்துகளில் ஊர்ப்பெயர் எழுதி, செல்ஃபி எடுக்க ஒரு சிமென்ட் மேடை கட்டும் பணத்தில், பல ஐயனார் கோயில்களுக்கு உள்ளூர்க் குயவரிடம் குதிரை செய்யச் சொல்லலாம். அந்தப் பணம் உள்ளூரிலேயே கூலியாகத் தங்கும். அயலூரில் சாராயச் சாவால் மட்டுமே பெயர் தெரிந்த மாவட்டத்தில் வளரும் பிள்ளைக்கு, தன் ஊரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்று இருப்பது ஆடம்பரம் அல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை எளியவை. மாவட்டத்துப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளைத் தொலைதூரச் சுற்றுலாவுக்குப் பதில் ஜம்பைக்கும் கீழ்வாலைக்கும் கூட்டிப் போகட்டும். கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் குதிரை, கூத்துத் திடல், கல், பாறை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று தானே தீர்மானிக்கட்டும். குயவருக்கு ஏரிமண் அலைச்சல் இல்லாமல் கிடைக்கட்டும். கூவாகத்தில் விருந்தினர் நடத்தை விதிகளைத் திருநங்கைகளும் ஊராரும் சேர்ந்து வகுக்கட்டும். இவை நடந்தால், நெடுஞ்சாலையில் போகிறவர்களை நிறுத்துவதற்கு உளுந்தூர்பேட்டை எந்தப் புதிய சிலையும் வைக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தேடிப் போகத் தொடங்கினால், வெளியூர்க்காரர் தானாகவே வழி கேட்பார்.